சைக்கிள் கேள்வி பதில்: வெண்காரம் வைத்து ஊதிய வண்டி

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, “என்னிடம் இருக்கிற வண்டிகள் எல்லாமே ஒருமுறையாவது முழுசாகக் கழற்றி மாட்டியவை” என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பலர் எழுதியிருக்கிறீர்கள். அதனால் இந்த மாதம் டயர், விலை, எந்தக் கம்பெனி வண்டி வாங்கலாம் என்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு, அது சம்பந்தமாக வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் முதல் சைக்கிள் எது? இதுவரை மொத்தம் எத்தனை வைத்திருந்தீர்கள்?
– வாசகர், ஓமலூர்

மொத்தம் 11. இன்று வீட்டில் நிற்பவை 4. முதலாவது என்னுடையது அல்ல, அப்பாவுடையது. 1966-ல் வாங்கிய ஹெர்குலிஸ். 28 இஞ்ச் சக்கரம், கம்பி பிரேக், கறுப்புப் பெயின்ட். அந்தக் காலத்தில் சேலத்துக்கு வந்த ஹெர்குலிஸ் வண்டிகள் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலையில் செய்தவை. 1949-ல் தொடங்கிய ஆலை அது.

எங்கள் வீடு சிவதாபுரம். வெள்ளிக் கொலுசுப் பட்டறை. அப்பா செவ்வாய்ப்பேட்டைக்குப் போய் வெள்ளி வாங்கி வருவார். கொலுசாக்கி அதே வண்டியில் திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பார். வெள்ளி மஞ்சப்பையில் இருக்கும். பை பாரில் சுற்றிக் கட்டியிருக்கும், கேரியரில் ஒருநாளும் வைக்க மாட்டார். பகலில் அவர் பட்டறையில் உட்கார்ந்த பிறகுதான் வண்டி எனக்குக் கிடைக்கும். 1972 கோடை விடுமுறையில் குரங்கு பெடல் பழகினேன். ஒன்பது வயசு. பாருக்குக் கீழே காலை விட்டு, வலது கையால் பாரைக் கட்டிப் பிடித்து, அரை மிதி அரை மிதியாக. முழு மிதி சுற்ற வந்த அன்று சாயங்காலம் வரை நிறுத்தவில்லை, நிறுத்தி இறங்கத் தெரியாததும் ஒரு காரணம்.

நான் முதலில் கழற்றி மாட்டியதும் அந்த வண்டியைத்தான். 1979-ல் முன்னால் ஒருத்தன், பின்னால் ஒருத்தனை ஏற்றிக்கொண்டு போய் வாய்க்கால் மதகில் விட்டேன். தப்பு முழுக்க என்னுடையது. ஃபிரேமின் குழாய்களைச் சேர்த்துப் பிடிக்கிற இரும்பு உறைக்கு லக் என்று பெயர். முன்பக்கம் கீழ் லக்கில், சாய்வுக் குழாய் சேரும் இடத்தில், ரோமம் மாதிரி ஒரு விரிசல். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

மாமாதான் வண்டியைப் பட்டறைக்குள் கொண்டுவரச் சொன்னார். கொலுசுத் துண்டுகளை ஒட்டப் பற்றாசு வைத்து நெருப்பு ஊதுகிறவருக்கு சைக்கிள் லக் புதிதல்ல என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. விரிசலைச் சுற்றிப் பெயின்டைச் சுரண்டி, எமரி பேப்பர் போட்டு, இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்க்கச் சொன்னார். வெண்காரத்தைத் தண்ணீரில் குழைத்துப் பூசினார். நெருப்பு பட்டதும் வெண்காரம் பொரி மாதிரி உப்பும். பயந்துபோய் விலக்கக் கூடாது. இன்னும் சூடு ஏற ஏற அது அமுங்கி, கண்ணாடி மாதிரி உருகி இரும்பின் மேல் படரும். லக் நல்ல சிவப்பானதும் பித்தளைக் கம்பியின் நுனியை ஒரே ஓர் இடத்தில் தொட்டார். மஞ்சள் கோடு ஒன்று தானாக ஓடி, குழாயைச் சுற்றிப் போய், மறுபக்கம் வந்து நின்றது. “நெருப்பு எங்க போகுதோ பித்தளை அங்க போகும் மாப்ள. நீ கம்பியைத் தள்ளாத, நெருப்பைத் தள்ளு” என்றார். கொலுசுக்கும் இதையேதான் சொல்லிக்கொடுத்தார்.

ஆறியதும் ஹேண்டில் மாட்டுகிற ஹெட் குழாயிலிருந்து பின் சக்கரம் மாட்டுகிற இடம்வரை இரண்டு பக்கமும் நூல் கட்டினார். சீட் குழாய்க்கும் நூலுக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஒரே இடைவெளி இருக்கிறதா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்தார். இரண்டு நூல் கனம் வித்தியாசம் இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டோம். அந்த வண்டி இன்றும் ஓடுகிறது. சக்கரம், செயின், சீட், ஹேண்டில் பார் எல்லாம் இரண்டு மூன்று தரம் மாறிவிட்டன; ஃபிரேமும் முன் ஃபோர்க்கும் 1966-தான்.

நான் ஆத்தூரில் கல்லூரி மாணவன். கியர் இல்லாத சாதாரண வண்டி வைத்திருக்கிறேன். அதில் ஏற்காடு ஏற முடியுமா?

முடியும் தம்பி. ஆனால் இப்போது இருக்கிறபடியே எடுத்துக்கொண்டு போகாதீர்கள். முதலில் பல்லை எண்ணுங்கள். நம்மூர்ப் பெரிய வண்டிகளில் பெடலோடு சுற்றுகிற பல் சக்கரத்தில் பெரும்பாலும் 44 பல், பின் சக்கரத்தில் செயின் ஓடுகிற பல் சக்கரமான ஃபிரீவீலில் 18 இருக்கும். 28 இஞ்ச் சக்கரத்துக்குக் கணக்குப் போட்டால், பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி சுமார் 5.4 மீட்டர் போகும். தாரமங்கலம் ரோட்டுக்கு இது ரொம்ப நல்ல கணக்கு. மலைக்கு ஆகாது.

சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவு. ஏற்காட்டை சுமார் 1,500 என்று எழுதுகிறார்கள். அடிவாரத்திலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டரில், 20 கொண்டை ஊசி வளைவுகளில், ஆயிரம் மீட்டருக்கு மேல் நம் உடம்பையும் வண்டியையும் தூக்க வேண்டும். 1984-ல் நான் இதே 44-க்கு 18-ல் ஏறினேன். ஐந்தாவது வளைவில் இறங்கினவன் அதற்குமேல் பெரும்பாலும் தள்ளிக்கொண்டுதான் போனேன். 60 அடி பாலத்தில் உட்கார்ந்து, கட்டிக்கொண்டு போன புளிசாதத்தை ஒன்பது மணிக்கே தின்று முடித்தேன். அதன்பின் மூன்று நாள் முட்டி மடங்கவில்லை.

அடுத்த வருஷம் செய்தது ஒரே மாற்றம்தான். 18 பல் ஃபிரீவீலைக் கழற்றி 22 பல் போட்டேன். ஒரு சுற்றுக்கு சுமார் 4.5 மீட்டர் ஆயிற்று. கேட்டால் ஒரு மீட்டர்தானே என்று தோன்றும். தொடை அதை உடனே சொல்லிவிடும். பெரிய ஃபிரீவீல் போட்டால் பழைய செயின் எட்டாது, ஒரு ஜோடி கண்ணி கூட்ட வேண்டியிருக்கும். அதற்கு வேறு பழைய செயின் துண்டைச் சேர்க்காதீர்கள். தேய்ந்த கண்ணியும் தேயாத கண்ணியும் ஒரே பல்லில் ஒத்துப் போகாது. அன்று அடிவாரத்தில் ஆறரைக்கு ஏற ஆரம்பித்து, நாலு இடத்தில் மட்டும் தள்ளி, பத்து மணிக்கு ஒண்டிக்கடையில் டீ குடித்தேன்.

ஏறுவதைப் பற்றி மட்டும் கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கவலை இறங்குவதில்தான். இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் பாதிகூடப் பிடிக்காது. மழை மூட்டம் இருந்தால் போகாதீர்கள், மேலே போனபின் மழை பிடித்தால் காயும்வரை காத்திருங்கள். புது பிரேக் கட்டை போட்டு, ஊரில் ஒரு வாரம் ஓட்டி, ரிம்மில் பதிந்த பிறகு போங்கள். இறங்கும்போது பிரேக்கை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டே வராதீர்கள். வளைவுக்கு முன்பே வேகத்தை நன்றாகக் குறைத்து, பிறகு விட்டுவிடுங்கள்; ரிம்முக்கு ஆற நேரம் கிடைக்கும். நாலைந்து வளைவுக்கு ஒருமுறை நிறுத்தி, புறங்கையை ரிம்மின் அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். அந்தச் சூடு ட்யூபுக்குள் இருக்கிற காற்றுக்கும் ஏறும். முன் சக்கரம் வளைவில் வெடித்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

முதல் தடவை குப்பனூர் வழியாகப் போகாதீர்கள், அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் குறைவு. மே மாதம் கோடை விழா நாட்களும் வேண்டாம், மலைப்பாதை முழுக்கக் கார்தான். சாப்பாட்டுப் பையைக் கேரியரில் தெரிகிற மாதிரி கட்டினால் குரங்குகள் உங்களுக்கு மிச்சம் வைக்காது.

என் மகளுக்குப் பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிள் வீட்டுக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடக்கிறது. அவள் இப்போது கல்லூரி பஸ்ஸில் போகிறாள். காயலான் கடைக்காரர் வந்து கேட்கிறார். போட்டுவிடலாமா?
– வாசகி, மேச்சேரி

போடாதீர்கள் அம்மா. தயவுசெய்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்காக ஒதுக்குங்கள்.

மழையில் கிடந்த வண்டியில் வெளியே தெரிகிற துரு பெரும்பாலும் தோல் மட்டும்தான். பார்க்க வேண்டிய இடம் வேறு. வண்டியைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றி, இன்னொரு கையால் ஃபோர்க்கைத் தொட்டுப் பாருங்கள். மணலை அரைப்பதுபோல் விரலில் தெரிந்தால் உள்ளே கிரீஸ் வற்றி, பால்ரஸ் குண்டு காய்ந்து ஓடுகிறது. இரண்டு பக்கமும் நட்டைக் கழற்றி, குண்டுகளை அழுத்திப் பிடிக்கிற கூம்பு நட்டான கோனைத் திறந்து, குண்டுகளை ஒரு தட்டில் கொட்டுங்கள். பொதுவாக முன் சக்கரத்தில் பக்கத்துக்கு 10, பின்னால் பக்கத்துக்கு 9. பின்னால் இருப்பது பெரிய குண்டு. மண்ணெண்ணெய் இப்போது ரேஷனில் கிடைப்பது அருகிவிட்டது, டீசலில் கழுவினால் போதும். ஒரு குண்டில் புள்ளி விழுந்திருந்தாலும் அந்தப் பக்கத்துக் குண்டு எல்லாவற்றையும் மாற்றுங்கள், பழசோடு புதுசு கலந்தால் புதுசின் தலையில்தான் மொத்த பாரமும் விழும். கோனைத் திருப்பிப் பாருங்கள். குண்டு ஓடிய தடம் பளபளப்பாகத் தெரிந்தால் நல்லது. பள்ளம் விழுந்து குழியாக இருந்தால் கோனையும் மாற்ற வேண்டும். பிறகு கிரீஸை விரலால் நிறைய அப்பி, குண்டுகளை அதில் பதித்து மூடுங்கள். இறுக்கி முடித்தபின், ட்யூப் வால்வின் கனத்துக்கே சக்கரம் தானாக உருண்டு, வால்வு கீழே வந்து நிற்க வேண்டும். அதுதான் சரியான இறுக்கம்.

செயினுக்கு இரும்பு டேப் எடுங்கள். ஒரு பின்னின் நடுவில் பூஜ்யத்தை வைத்தால், அதிலிருந்து 24-வது பின்னின் நடு சரியாக 12 இஞ்சில் நிற்க வேண்டும். ஓர் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு தள்ளிப் போயிருந்தால் செயின் முடிந்தது, பல்லும் தேய்ந்திருக்கும். உங்கள் மகள் இரண்டு வருஷம் பள்ளிக்கு ஓட்டியதற்கு அந்த அளவு தேய்ந்திருக்காது, துரு மட்டும்தான் இருக்கும். செயினைக் கழற்றி ஓர் இரவு எண்ணெயில் ஊறப் போடுங்கள். காய்ந்து வெடித்த டயர், ட்யூப், பிரேக் கட்டை இவற்றுக்குத்தான் காசு ஆகும். அது காயலான் கடைக்காரர் தருவதைவிட அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அந்த விலைக்கு உங்களுக்கு வேறு வண்டி கிடைக்காதே.

இன்னொன்று. மகளையும் கூட உட்கார வையுங்கள். சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், கோனை அவள் கையால் இறுக்கட்டும். என் மகள் பன்னிரண்டு வயசில் பஞ்சர் ஒட்டினாள். இன்று பெங்களூரில் இருக்கிறாள், அந்த ஊரில் அவள் வண்டியை வேறு யார் கையும் தொட்டதில்லை.

இடது பக்கப் பெடல் கழன்று விழுந்தது. மெக்கானிக் எவ்வளவு திருகியும் ஏறவில்லை, மரை போய்விட்டது என்கிறார்.
– வாசகர், நாமக்கல்

இடது பெடலுக்கு எதிர் மரை. கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருகினால்தான் இறுகும். இரண்டு பக்கமும் ஒரே மரை இருந்தால் மிதிக்க மிதிக்க இடது பெடல் தானாகக் கழன்றுவிடும், அதற்காகவே இந்த ஏற்பாடு. அவர் வலது பெடலை இடதில் ஏற்றப் பார்த்தாரா என்று பாருங்கள், பெடலின் தண்டில் வலது இடது குறி இருக்கும். பெடல் மாட்டுகிற கையான கிராங்கில் மரை உண்மையிலேயே போயிருந்தால் இடது கிராங்கை மட்டும் மாற்றலாம். கிராங்கை அச்சோடு பிடித்து வைக்கிற காட்டர் பின் போட்ட வண்டியாக இருந்தால், பின்னைத் தட்டி எடுக்கும்போது கிராங்குக்கு அடியில் ஒரு கனமான குழாயைத் தரையிலிருந்து முட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். முட்டு இல்லாமல் அடிக்கிற ஒவ்வொரு அடியும் உள்ளே பால்ரஸ் கப்பில் பள்ளம் போடுகிறது.

நாகலூரில் எங்கள் தாத்தா எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். அவர் காலத்து சீமை சைக்கிள் ஒன்று கிடக்கிறது. பின் சக்கரத்து நடுவிலிருந்து சின்னச் சங்கிலி ஒன்று வெளியே தொங்குகிறது. அது என்ன? ஓட வைக்க முடியுமா?
– வாசகர், ஏற்காடு

கடிதத்தைப் படித்ததும் உடனே பஸ் ஏறலாமா என்று இருந்தது. அது பெரும்பாலும் ஸ்டர்மி ஆர்ச்சர் மூன்று கியர் ஹப். இங்கிலாந்தில் நாட்டிங்காம் நகரத்தில் 1902-லிருந்து செய்தவர்கள். நடுவில் பல் சக்கரங்கள் ஒன்றையொன்று சுற்றி ஓடும். ஒரு கியரில் நேராக. கீழ்க் கியரில் நாலில் மூன்று பங்கு. மேல் கியரில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். ஹப்பின் மேல் துணியால் துடைத்துப் பாருங்கள். ஏ.டபிள்யூ. என்று இங்கிலீஷில் எழுதி, பக்கத்தில் இரண்டு எண் இருந்தால் அது செய்த வருஷம்.

என்னிடம் இருப்பதில் 58 என்று இருக்கிறது. 2004-ல் ஏற்காட்டில் ஓர் எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது, காப்பிக் கொட்டைச் சாக்குகளுக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். ராலே வண்டி. தலையில் கொக்கு போட்ட வில்லை. முதல் சந்தோஷம் டயர்: அதுவும் 28 இஞ்ச்சுக்கு ஒன்றரை, நம் கறுப்பு வண்டிக்குப் போடுகிற அதே அளவு. பின் சக்கரத்துக்கு 40 கம்பி, முன்னால் 32. அதுவும் நம் வண்டி மாதிரியே. செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய டயர் கச்சிதமாக உட்கார்ந்தது. முதல் ஏமாற்றம் பெடல் அச்சு ஓடுகிற கப்: கடையில் கொடுத்தது இஞ்சுக்கு 24 மரை, ராலே கப்புக்கு 26 மரை. ஒன்றரைச் சுற்று ஏறிவிட்டு நிற்கும். அங்கே பலம் போட்டால் ஃபிரேம் போச்சு. பழைய கப்பையே கழுவி, குண்டு மட்டும் மாற்றிப் போட்டேன்.

ஹப்பைத் திறந்தபோது உள்ளே தேன் மெழுகு மாதிரி ஒன்று அடைத்துக்கொண்டிருந்தது. யாரோ வருஷக்கணக்கில் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள். ஏற்காட்டுக் குளிரில் காலையில் எண்ணெய் கட்டிப் போகும், கியரின் சின்ன நாக்குகள் எழும்பாது. வெயில் ஏறினால் இளகும். “மத்தியானத்துக்கு மேலதாங்க நல்லா ஓடும்” என்று பங்களா வாட்ச்மேன் சொன்னதன் காரணம் அப்போது புரிந்தது. டீசலில் இரண்டு நாள் ஊற வைத்துக் கழுவினேன். ஒரு பல்கூடத் தேயவில்லை. மெல்லிய எஞ்சின் ஆயில் விட்டேன், மாதத்துக்கு ஒரு ஸ்பூன் போதும்.

உங்கள் வண்டியில் சங்கிலியைப் பிடித்து இழுத்து மட்டும் பாருங்கள். ஸ்பிரிங் மாதிரி உள்ளே திரும்பினால் உயிர் இருக்கிறது. வேறு எதையும் இப்போது கழற்றாதீர்கள். கேபிள் மாட்டிய பிறகு ஒன்றை மறக்காதீர்கள்: நடுக் கியருக்கும் மேல் கியருக்கும் இடையில் ஓர் இடம் உண்டு, அங்கே நின்றால் பெடல் காற்றில் சுற்றும். சீட்டிலிருந்து எழுந்து மிதிக்கும்போது அப்படி ஆனால் நெஞ்சு பாரில் மோதும். நடுக் கியரில் வைத்து, வலது பக்க நட்டில் இருக்கிற துளை வழியாகப் பாருங்கள். உள்ளே இருக்கும் கம்பியின் படி, அச்சின் முனையோடு சமமாக நிற்க வேண்டும். நின்றால் பயமில்லை.

அலுமினிய ஃபிரேம் உடைந்தால் நீங்கள் ஊதித் தருவீர்களா?
– வாசகர், எடப்பாடி

மாட்டேன். இரும்பு சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் நிறம் மாறாமலே திடீரென்று உருகி விழும். அதற்குத் தனி மெஷின், தனிப் பயிற்சி. ஒட்டினாலும் சூடு பட்ட இடத்தைச் சுற்றி பலம் குறைந்திருக்கும். மலை இறங்குகிற வண்டியில் அதை நம்பி யாரையும் ஏற்ற எனக்கு மனசு வராது.

விற்றுவிட்டு வருத்தப்பட்ட வண்டி ஏதாவது உண்டா?
– வாசகர், அம்மாபேட்டை

உண்டு. பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். 1990-ல், கல்யாணமான வருஷம், கடையில் புதுசாக வாங்கிய ஒரே வண்டி. மற்ற பத்தும் பழசாக வந்தவை. கறுப்பு வண்டி ஓட்டிப் பழகிய கைக்கு அதைத் தூக்கும்போது ஏதோ பாதி வண்டியைத் தூக்குவதுபோல் இருக்கும். என் மனைவியைப் பின்னால் வைத்துக்கொண்டு கன்னங்குறிச்சிவரை போயிருக்கிறேன். பிள்ளை பிறந்த பிறகு பாரில் குழந்தை சீட் மாட்டினேன். ஒருமுறை கேரியர் கம்பி விட்டுப்போக, நானே வெண்காரம் வைத்து ஊதினேன். மாமா அளவுக்கு வரவில்லை, பித்தளை ஒரு பொட்டு கீழே வழிந்து மிளகு மாதிரி நின்றுவிட்டது. அரம் போட்டு எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

1997-ல் வெள்ளி வேலை இல்லாமல் போன ஆறு மாதத்தில், மகளின் பள்ளிக்கூடச் செலவுக்கு 450 ரூபாய்க்குக் கொடுத்தேன். வாங்கியவர் பூ வியாபாரி. கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்து வந்தேன். அப்பாவின் வண்டி வீட்டில்தான் இருந்தது, ஆனாலும் அன்று அதை எடுக்கத் தோன்றவில்லை. இரண்டு வருஷம் கழித்துக் காயலான் கடையில் ஒரு கியர் வண்டியை வாங்கி, நாலு மாதம் உட்கார்ந்து மீட்டேன். முன்னால் சின்னப் பல் 28, பின்னால் பெரியது 28. ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர்தான். காலைத் தரையில் ஊன்றாமல் முதல்முறையாக ஏற்காடு ஏறியது அதில்தான். நல்ல வண்டி, இன்றும் இருக்கிறது. ஆனாலும் எஸ்.எல்.ஆர். இடத்தில் அதை வைக்க முடியவில்லை.

2003-ல் ஐந்து ரோடு பக்கம் போய்க்கொண்டிருந்தேன். கூடை நிறைய சாமந்தி கட்டின ஒரு வண்டி கடை ஓரமாக நின்றது. பெயின்ட் வேறு, சீட் வேறு. கேரியர் கம்பிக்குக் கீழே மிளகு மாதிரி பித்தளைப் பொட்டு. அதே பூக்காரர்தான், தலை நரைத்திருந்தார். திரும்பக் கொடுப்பீர்களா, கேட்கிற விலை தருகிறேன் என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “இல்லைங்கண்ணா, தெனமும் காலையில நாலு மணிக்கு இதுலதான் மார்க்கெட் போறேன். இதுவரைக்கும் வழியில விட்டதில்ல” என்றார்.

பின் சக்கரம் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. பையில் ஸ்போக் சாவி இருந்தது. வண்டியைத் திருப்பிப் போட்டு, கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் தட்டிச் சத்தம் கேட்டு, தளர்ந்திருந்த மூன்றை இறுக்கி, எதிரே இருந்த இரண்டைக் கால் சுற்று விட்டு, பெண்டு எடுத்துக் கொடுத்தேன். அதற்குள் அவர் என் வீட்டுக்கென்று இரண்டு முழம் பூ அளந்து இலையில் கட்டி வைத்திருந்தார்.